கோடரிக்குக் கைப்பிடி போட்டுத் தந்த நபியவர்கள்: வேலை தேடிக் களைத்த இளைஞர்களும் நம் பொறுப்பும்

முதல் உரை

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், அவர்களைப் பின்பற்றி வாழும் நம் அனைவர் மீதும் அல்லாஹ்வின் அருளும் சாந்தியும் உண்டாகட்டுமாக!

அன்பிற்குரிய சகோதரர்களே! தாய்மார்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்து இந்த உரையைத் தொடங்குகிறேன்.

இன்று பேசப்போகும் விஷயம் நம் மஹல்லாவில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் இருக்கிறது. படிப்பை முடித்து மூன்று வருடம், நான்கு வருடம் ஆகியும் வேலை கிடைக்காத பிள்ளை. வளைகுடாவுக்குப் போய், ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்து, அதன் பிறகு எதுவும் அமையாத பிள்ளை. பட்டம் வாங்கி அதை அலமாரியில் வைத்துவிட்டு வீட்டோடு இருக்கும் பெண் பிள்ளை. இவர்களில் பலர் பள்ளிவாசலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். வந்தாலும் இகாமத் சொன்ன பிறகு கடைசி ஸஃப்பில் வந்து நிற்கிறார்கள், ஸலாம் கொடுத்தவுடன் செருப்பைத் தேடிப் போய்விடுகிறார்கள். ஈமான் குறைந்துவிட்டது என்று நாம் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்கிறோம். வாசலில் நிற்கும் நாம் கேட்கும் ஒரு கேள்விக்குப் பயந்துதான் அவர்கள் ஓடுகிறார்கள். "தம்பி, இப்ப என்ன பண்றே?" இதுதான் அந்தக் கேள்வி.

இவர்களுக்காக அரசு திட்டங்கள் நடத்துகிறது. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கப்பட்டது. கிராமப்புற இளைஞர்களுக்கு இலவசமாகப் பயிற்சி தரும் தீன்தயாள் உபாத்யாய கிராமின் கவுசல்ய யோஜனா 2014 முதல் நடக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களை நடத்துகின்றன. நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் தையல், கணினி, ஏசி மெக்கானிக் என்று வகுப்புகள் வைக்கின்றன. எல்லாம் நல்ல காரியங்கள். இவற்றில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்று கணக்கு எடுக்கிறோம். அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் என்ன நடந்தது என்று யாரும் கணக்கு எடுப்பதில்லை.

வேலைவாய்ப்புத் திட்டம் ஓர் இளைஞனின் உள்ளத்தை எழுப்பி நிறுத்தவும் செய்யும், இன்னொரு முறை உடைக்கவும் செய்யும். எது நடக்கும் என்பது, அவனை நடத்துகிறவர்கள் அவனுடைய கண்ணியத்தைக் காத்தார்களா, கடைசி வரை கூட நின்றார்களா என்பதைப் பொறுத்தது. நபி (ஸல்) அவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

நபியவர்கள் பாதுகாப்புத் தேடிய எட்டு விஷயங்கள்

நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி ஓதிவந்த ஒரு துஆவை அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அதில் எட்டு விஷயங்களிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள்: கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடன் சுமை, மனிதர்களின் அடக்குமுறை.

சகோதரர்களே! பல வருடம் வேலையில்லாமல் இருக்கும் பிள்ளையின் நெஞ்சுக்குள் எட்டிப் பாருங்கள். இந்த எட்டில் பெரும்பாலானவை அங்கே குடியிருக்கும். நாளை என்ன ஆகும் என்ற கவலை. கடந்துபோன வருடங்களைப் பற்றிய துக்கம். எதை எடுத்தாலும் கைகூடாது என்ற இயலாமை. அந்த இயலாமை நாளாக நாளாக சோம்பலாக மாறுகிறது. நண்பர்களோடு டீக்கடைக்குப் போனால் காசு கொடுக்க வேண்டுமே என்று ஒதுங்குகிறான், அதற்குக் கஞ்சன் என்ற பெயர் கிடைக்கிறது. அடுத்த நேர்முகத் தேர்வுக்குப் போகவே பயப்படுகிறான். செல்போன் ரீசார்ஜுக்குக்கூட கைமாற்று வாங்குகிறான். சம்பாதிக்கும் தம்பி வீட்டில் குரல் உயர்த்திப் பேசும்போது அண்ணனாக இருந்தும் தலை குனிகிறான்.

இந்த துஆவில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். நபியவர்கள் இயலாமையைத் தனியாகச் சொன்னார்கள், சோம்பலைத் தனியாகச் சொன்னார்கள். செய்ய முடியாத நிலை வேறு, முடிந்தும் செய்யாமல் இருப்பது வேறு. நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். வாய்ப்பு கிடைக்காதவனைப் பார்த்து "சோம்பேறி" என்கிறோம். நோயாளிக்குத் தவறான பெயர் வைத்தால் மருந்தும் தவறிப்போகும்.

மரியந்தால் கிராமம் சொல்லும் பாடம்

ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகருக்கு அருகே மரியந்தால் என்ற தொழிலாளர் குடியிருப்பு இருந்தது. ஒரே ஒரு நெசவாலையை நம்பித்தான் ஊரே வாழ்ந்தது. 1930ஆம் ஆண்டு வாக்கில் அந்த ஆலை மூடப்பட்டது. மாரி யஹோதா என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் அங்கே தங்கி மக்களின் நிலையை ஆராய்ந்து, 1933இல் நூலாக வெளியிட்டார்கள்.

வேலை போனதால் நேரம் நிறையக் கிடைத்ததல்லவா, மக்கள் நிறையப் படித்திருப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது நேர்மாறானது. ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துபோனது. தெருவில் ஆண்களின் நடை மெதுவானது. நடந்துகொண்டே இருந்தவர்கள் காரணமில்லாமல் நின்றார்கள். நேரம் என்பதே அவர்களுக்குப் பொருளற்றுப் போனது.

யஹோதா பிற்காலத்தில் இதை விளக்கி எழுதினார். வேலை சம்பளத்தை மட்டும் தருவதில்லை. நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது. வீட்டுக்கு வெளியே மனிதர்களின் தொடர்பைத் தருகிறது. பலர் சேர்ந்து செய்யும் ஒரு காரியத்தில் பங்கு தருகிறது. சமூகத்தில் ஒரு நிலையைத் தருகிறது. உடலையும் அறிவையும் இயங்க வைக்கிறது. வேலை போனால் இந்த ஐந்தும் போகின்றன. ஆகவே, "சாப்பாடுதான் வீட்டில் கிடைக்கிறதே, இவனுக்கு என்ன குறை?" என்று கேட்பவருக்கு விஷயம் புரியவில்லை என்று அர்த்தம்.

அதே ஊரில், தொண்ணூறு வருடங்களுக்குப் பிறகு 2020ஆம் ஆண்டு அக்டோபரில், வேறொரு சோதனை தொடங்கியது. மரியந்தால் அடங்கிய கிராமட்நொய்சீடல் என்ற ஊராட்சியில், நீண்ட காலம் வேலையில்லாமல் இருந்த அனைவருக்கும் முதலில் சில வாரங்கள் பயிற்சியும், பிறகு நியாயமான கூலியுடன் உத்தரவாதமான வேலையும் தரப்பட்டன. சேருவதும் சேராததும் அவரவர் விருப்பம், கட்டாயமில்லை. ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? வருமானம் மட்டும் கூடவில்லை. நாளின் ஒழுங்கு திரும்பியது, மனிதத் தொடர்பு திரும்பியது, தானும் ஒரு பயனுள்ள மனிதன் என்ற உணர்வு திரும்பியது.

அங்கே பயிற்சி சான்றிதழோடு நிற்கவில்லை, அதன் முடிவில் வேலை இருந்தது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி வகுப்பில் உள்ளம் படும் பாடு

நம் ஊருக்கு வருவோம். மூன்று வருடம் வீட்டில் இருந்த ஒரு பிள்ளை பயிற்சி வகுப்பில் சேர்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வாரங்களில் என்ன நடக்கிறது? லுஹருக்குக்கூட எழுப்ப முடியாத பிள்ளை ஃபஜ்ருக்கு எழுகிறான். சட்டையைத் தேய்த்துப் போடுகிறான். உம்மா டிபன் கட்டித் தருகிறார். கழுத்தில் ஒரு அடையாள அட்டை தொங்குகிறது. "எங்கே கிளம்பிட்டே?" என்று கேட்டால் சொல்வதற்குப் பதில் இருக்கிறது. தன்னைப் போலவே காத்திருந்த முப்பது பேரை அங்கே பார்க்கிறான். நான் மட்டும்தான் தோற்றவன் என்று நினைத்திருந்தோமே, இத்தனை பேர் இருக்கிறார்களே என்று நெஞ்சு லேசாகிறது. பயிற்சியாளர் அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். இவையெல்லாம் மருந்துகள். அல்ஹம்துலில்லாஹ்!

நடுவில் பயம் வருகிறது. தன்னைவிட ஐந்து வயது சின்னவர்கள் வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பட்டப்படிப்பு முடித்த எனக்கு இந்த வகுப்பா என்ற வெட்கமும் வருகிறது. இந்தக் கட்டத்தில் யாராவது தோளைத் தட்டிக்கொடுத்தால் கடந்துவிடுவான். சிரித்துவிட்டால் நின்றுவிடுவான்.

பெரிய ஆபத்து கடைசியில் இருக்கிறது. பயிற்சி முடிகிறது. மேடையில் சான்றிதழ், புகைப்படம், பிரியாணி. மறுநாள் காலை அவனை யாரும் அழைப்பதில்லை. ஒரு வாரம், ஒரு மாதம். அல்லது தொலைவில் உள்ள நகரத்தில் ஒரு வேலை தருகிறார்கள், சம்பளம் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடுகிறது, இரண்டு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வருகிறான். வீட்டில் என்ன சொல்கிறோம்? "உனக்கு எதிலேயும் நிலைச்சு நிக்கத் தெரியல." முன்பு வாய்ப்பில்லாதவனாக இருந்தான், இப்போது வாய்ப்பு கொடுத்தும் தோற்றவன் என்ற பெயர் சேர்ந்துவிட்டது. அடுத்த வகுப்புக்கு அழைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கோப்பில் நான்கு சான்றிதழ், உள்ளத்தில் நான்கு காயம். நம்பிக்கையை ஏற்றிவிட்டுக் கைவிடுவது, நம்பிக்கையே தராமல் இருந்ததைவிடக் கடுமையாக வலிக்கும்.

நிபந்தனைகளும் உள்ளத்தைச் சுருக்கும். அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையைப் பாருங்கள். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். அதைப் பெறவே பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருந்திருக்க வேண்டும், அதிகபட்சம் மூன்று வருடம்தான் கிடைக்கும். உரிமையுள்ளவர்கள் அதை வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து வருடக் காத்திருப்பு ஒருவனின் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதை, கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் உணர வேண்டும்.

நபியவர்கள் நடத்திய வேலைவாய்ப்புத் திட்டம்

இப்போது மதீனாவுக்குச் செல்வோம். அன்ஸாரிகளில் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். உன் வீட்டில் எதுவும் இல்லையா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஒரு முரட்டு விரிப்பு இருக்கிறது, அதில் பாதியைப் போர்த்திக்கொள்வோம், பாதியை விரித்துக்கொள்வோம், தண்ணீர் குடிக்க ஒரு பாத்திரமும் இருக்கிறது என்றார் அவர். இரண்டையும் கொண்டுவரச் சொன்னார்கள். தம் கையில் எடுத்து, தோழர்கள் மத்தியில் ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். அதிகம் தருபவர் யார் என்று நபியவர்கள் மீண்டும் கேட்டார்கள். இன்னொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டு திர்ஹத்தையும் அவரிடம் கொடுத்து, ஒன்றில் குடும்பத்துக்கு உணவு வாங்கிக் கொடுக்கவும், இன்னொன்றில் ஒரு கோடரி வாங்கித் தம்மிடம் கொண்டுவரவும் சொன்னார்கள். அவர் கொண்டுவந்தார். அதற்கு நபி (ஸல்) அவர்கள் தம் கரத்தாலேயே கைப்பிடி பொருத்தினார்கள். விறகு வெட்டி விற்றுவரும்படியும், பதினைந்து நாள் தம் கண்ணில் படக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் போனார், உழைத்தார், பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பினார். அதில் உணவும் வாங்கினார், உடையும் வாங்கினார். மறுமையில் யாசகத்தின் வடு முகத்தில் இருக்க வருவதைவிட இதுவே உனக்குச் சிறந்தது என்ற கருத்தை நபியவர்கள் அவரிடம் சொன்னார்கள்.

இது அபூதாவூதில் பதிவான செய்தி. இதன் அறிவிப்பாளர் வரிசையில் சில அறிஞர்கள் குறை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கயிற்றை எடுத்துச் சென்று விறகு சுமந்து விற்று வாழ்வது, கை நீட்டுவதைவிட மேலானது என்ற கருத்து ஸஹீஹுல் புகாரியில் ஆதாரப்பூர்வமாக வந்துள்ளது.

இந்த நிகழ்ச்சியில் உள்ளத்துக்கான மருந்து எத்தனை இருக்கிறது பாருங்கள்.

முதலாவது: உன்னிடம் என்ன இல்லை என்று நபியவர்கள் பட்டியல் போடவில்லை. என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நம் திட்டங்கள் பெரும்பாலும் குறையிலிருந்துதான் தொடங்குகின்றன: ஆங்கிலம் இல்லை, அனுபவம் இல்லை, வயது போய்விட்டது.

இரண்டாவது: அவர் கொண்டுவந்த பழைய பொருளுக்கு சபையில் விலை ஏற்றினார்கள். சமூகமும் அதில் பங்கெடுத்தது. என்னிடம் இருப்பதற்கும் மதிப்பு உண்டு என்று அந்த மனிதர் தம் கண்ணாலேயே பார்த்தார்.

மூன்றாவது: முதல் திர்ஹம் வீட்டு உணவுக்கு. பசித்த பிள்ளைகளின் அழுகையைக் கேட்டுக்கொண்டு ஒருவன் தொழில் கற்க முடியாது. பயிற்சிக் காலத்தில் கைச்செலவுக்கு வழி செய்யாத திட்டம் பாதியில்தான் நிற்கும்.

நான்காவது: கைப்பிடி. இரண்டு திர்ஹத்தைக் கொடுத்ததோடு அனுப்பியிருக்கலாம். அல்லாஹ்வின் தூதர், ஒரு நாட்டை நிர்வகித்தவர்கள், ஓர் ஏழைத் தொழிலாளியின் கோடரிக்கு உட்கார்ந்து கைப்பிடி போட்டார்கள். அந்தக் கைப்பிடியைப் பிடித்து மரத்தை வெட்டும் ஒவ்வொரு முறையும் அவருக்கு என்ன நினைவு வந்திருக்கும்!

ஐந்தாவது: பதினைந்து நாள் தவணை. தினமும் கூப்பிட்டு எவ்வளவு சம்பாதித்தாய் என்று குடையவில்லை. அவரை நம்பி விட்டார்கள். அதே நேரம் அப்படியே விட்டுவிடவும் இல்லை. திரும்பி வந்து சொல்ல ஓர் இடம் இருந்தது, கேட்பதற்கு ஒருவர் காத்திருந்தார்கள். நாம் சான்றிதழ் கொடுத்த நாளோடு முடித்துக்கொள்கிறோம். நபியவர்களின் திட்டம் அவர் பத்து திர்ஹத்தோடு வந்து நின்ற நாளில்தான் முடிந்தது.

மூஸா (அலை) அவர்களும் மத்யன் பெரியவரும்

திருக்குர்ஆனில் அல்கஸஸ் அத்தியாயத்தை எடுத்து 22 முதல் 28 வரையுள்ள வசனங்களைப் படியுங்கள். மூஸா (அலை) ஓர் இளைஞர். ஊரை விட்டு ஓடி வந்தவர். வேலை இல்லை, வீடு இல்லை, தெரிந்த முகம் இல்லை. அந்த நிலையிலும் இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். பிறகு நிழலில் ஒதுங்கி, இறைவா, நீ எந்த நன்மையைத் தந்தாலும் அதற்குத் தேவையுடையவனாக இருக்கிறேன் என்ற கருத்தில் மன்றாடினார். தேவையை அல்லாஹ்விடம் மறைக்கவில்லை. நெஞ்சிலுள்ள துக்கத்தை ரப்பிடம் கொட்டுவது பொறுமைக்கு எதிரானதல்ல. யஅகூப் (அலை) அவர்களும் தம் துக்கத்தை அல்லாஹ்விடம்தான் முறையிட்டார்கள் (12:86).

அந்தப் பெண்களின் தந்தை மூஸாவை அழைத்தார். அங்கே நடந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவருடைய கதை முழுவதையும் கேட்டார். அடுத்து, பயப்படாதே என்று தைரியம் சொன்னார். அதற்குப் பிறகுதான் வேலைப் பேச்சு வந்தது. வேலையிலும் காலம் தெளிவாக இருந்தது: எட்டு வருடம், விரும்பினால் பத்து. உன்னைச் சிரமப்படுத்த எனக்கு விருப்பமில்லை என்ற உறுதியும் இருந்தது. கேட்டல், அச்சம் தீர்த்தல், தெளிவான வேலை, கருணை. நபியாகப் போகும் ஓர் இளைஞரை அல்லாஹ் இப்படிப்பட்ட முதலாளியிடம் சேர்த்தான்.

என் அருமை இளைஞனே! உனக்குச் சில வார்த்தைகள்

உன் வாழ்வாதாரம் தாமதமாவது அல்லாஹ் உன்னை வெறுத்ததற்கு அடையாளம் அல்ல. நபி (ஸல்) அவர்களுக்கே வஹீ வராமல் சில காலம் தாமதித்தது. ரப்பு கைவிட்டுவிட்டான் என்று எதிரிகள் ஏசினார்கள். அதற்குப் பதிலாகத்தான் அள்ளுஹா அத்தியாயம் இறங்கியது. உன் இறைவன் உன்னைக் கைவிடவும் இல்லை, வெறுக்கவும் இல்லை என்பது அதன் கருத்து. உறவினர் ஏசும்போது அந்த அத்தியாயத்தை ஓது.

தொழுகையின் ஐந்து நேரத்தைப் பிடித்துக்கொள். வேலை போனால் நாளின் ஒழுங்கு போகிறது என்று பார்த்தோம். உனக்கு அல்லாஹ் ஒரு நாளை ஐந்தாக வகுத்துத் தந்திருக்கிறான். சம்பளம் கொடுக்கும் முதலாளி இல்லாவிட்டாலும் ஃபஜ்ருக்கு உன்னை அழைப்பவன் இருக்கிறான். ஃபஜ்ருக்கும் லுஹருக்கும் இடையில் ஒரு வேலை வை: விண்ணப்பம் எழுது, பாடம் படி, அத்தாவின் கடையில் நில்.

எந்த ஹலாலான வேலையையும் கேவலமாக நினைக்காதே. நபி (ஸல்) அவர்கள் மக்காவாசிகளுக்குக் கூலிக்கு ஆடு மேய்த்தார்கள், தாவூத் (அலை) தம் கையால் உழைத்து உண்டார்கள். இரண்டும் புகாரியில் உள்ளன. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) மதீனாவுக்கு வந்தபோது, ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர் துஆ செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று மட்டும் கேட்டார். முதல் நாள் கொஞ்சம் பாலாடைக்கட்டியும் நெய்யும்தான் லாபம். அங்கிருந்துதான் தொடங்கினார்.

பயிற்சியில் சேரும்போதே, முதல் அழைப்பிலேயே வேலை கிடைக்காமல் போகலாம் என்று மனதைத் தயார் செய்துகொள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1980களில் வேலையிழந்தோருக்கு ஒரு பயிற்சி நடத்தினார்கள். வேலை தேடும் முறையோடு, மறுப்பு வந்தால் அடுத்து என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பழக்கினார்கள். மனச்சோர்வுக்கு அதிகம் ஆளாகக்கூடியவர்களுக்குத்தான் அது அதிகம் பயன்பட்டது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தோல்விக்கும் முன்னேற்பாடு செய்வது தவக்குலுக்கு எதிரானதல்ல.

தவறான எண்ணம் வந்தால் தனியாக இருக்காதே. உயிரை மாய்த்துக்கொள்வதை அல்லாஹ் தடுத்து, தான் உங்கள் மீது கருணையுள்ளவன் என்றும் சேர்த்துச் சொல்கிறான் (4:29). உன் உம்மாவிடம் சொல், நண்பனிடம் சொல், இமாமிடம் சொல். அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழில் பேசலாம். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவது போலத்தான் இதுவும்.

எனக்காகவும் உங்களுக்காகவும் அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடுகிறேன். நீங்களும் தேடுங்கள்.

இரண்டாம் உரை

அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவன் தூதர் மீது ஸலவாத்தும் ஸலாமும் சொல்லித் தொடர்கிறேன்.

சகோதரர்களே! முதல் உரையில் சொன்னது நம் கையில் என்ன வேலையாக மாற வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பெற்றோர்களே! பிள்ளை வேலை தேடுவதும் ஓர் உழைப்புதான். பயிற்சிக்குப் போய்வரும் பிள்ளையிடம் "வேலை கிடைச்சுதா?" என்று தினமும் கேட்காதீர்கள். "இன்னிக்கு என்ன கத்துக்கிட்டே?" என்று கேளுங்கள். பெரியப்பா மகனோடு ஒப்பிடாதீர்கள். திருமண வீட்டில் பத்துப் பேர் முன்னால் அவன் நிலையைப் பேசாதீர்கள். பெண் பிள்ளையின் படிப்பையும் ஆசையையும் "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று மூடி வைக்காதீர்கள். அவளுடைய சோர்வும் சோர்வுதான்.

சிபாரிசு செய்ய வாக்குக் கொடுத்தவர்களே! யூசுஃப் (அலை) சிறையில் இருந்தபோது, விடுதலையாகும் தோழரிடம் மன்னரிடம் தம்மைப் பற்றிச் சொல்லும்படி கேட்டார்கள். வெளியே போனவர் மறந்துவிட்டார். அந்த மறதியால் இன்னும் சில வருடங்கள் சிறையில் கழிந்தன (12:42). "பயோடேட்டாவை வாட்ஸ்அப்பில் அனுப்பு, நான் சொல்லி வைக்கிறேன்" என்று நாமும் சொன்னோம், மறந்துவிட்டோம். அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முடிந்தால் இன்றே சொல்லுங்கள். முடியாவிட்டால் முடியாது என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். நல்ல சிபாரிசில் பங்கு உண்டு என்று அல்லாஹ் வாக்களித்திருக்கிறான் (4:85).

கடை, கம்பெனி வைத்திருப்பவர்களே! பயிற்சி முடித்த ஒரு பிள்ளைக்கு இடம் கொடுங்கள். கொஞ்ச நாள் தடுமாறுவான், பொறுத்துக்கொள்ளுங்கள். "பழகுறவன்தானே" என்று சம்பளத்தைப் பிடித்து வைக்காதீர்கள். வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று புகாரியில் வருகிறது.

ஜமாஅத் நிர்வாகிகளே! ஸகாத்தை ஒரு புடவை, ஒரு மூட்டை அரிசி என்று சிதறடிக்க வேண்டாம். தொழில் தெரிந்த ஏழைக்கு அவனுடைய தொழிற்கருவி வாங்கும் அளவுக்குக் கொடுக்கலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அல்மஜ்மூஉ நூலில் எழுதியிருக்கிறார்கள். தையல் மெஷின், வெல்டிங் மெஷின், ஏசி பழுதுபார்க்கும் கருவிகள், இவை இந்தக் காலத்தின் கோடரிகள். வட்டிக் கடனில் பிள்ளைகள் விழாமல் பைத்துல்மாலிலிருந்து கர்ள் ஹஸன் கொடுங்கள்.

பயிற்சி வகுப்பு வைத்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் மஹல்லாவில் ஒரு பெரியவரைப் பொறுப்பாக்குங்கள். சான்றிதழ் கொடுத்த பிறகு ஆறு மாதம் வரை, பதினைந்து நாளுக்கு ஒரு முறை அவர் அந்தப் பிள்ளையோடு ஒரு டீ குடிக்கட்டும். வேலை கிடைத்ததா என்பதைவிட, எப்படி இருக்கிறாய் என்று கேட்கட்டும். இதற்கு நிதி வேண்டாம், மனம் வேண்டும். வேலை இல்லாமல் திரும்பி வந்தவனை இரண்டாம் முறையும் முதல் முறை போலவே வரவேற்கட்டும்.

பல மாவட்டங்களில் வேலைவாய்ப்பு முகாம்கள் வெள்ளிக்கிழமைகளில்தான் நடக்கின்றன. பிள்ளைகள் காலையிலேயே போய் வரிசையில் நின்று, அருகிலுள்ள பள்ளியில் ஜும்ஆவை நிறைவேற்ற ஜமாஅத் வழிகாட்டட்டும். ஜும்ஆ முடிந்தபின் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்பதும் இந்த நாளுக்குரிய கட்டளைதான் (62:10).

நாம் எல்லோரும் இன்று செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தொழுகை முடிந்து வாசலில் ஓர் இளைஞனைப் பார்த்தால் "என்ன பண்றே?" என்று கேட்காதீர்கள். ஸலாம் சொல்லி, கையைப் பிடித்து, "உன்னைப் பார்த்தது சந்தோஷம், அடுத்த தொழுகைக்கும் வா" என்று சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக! யா ரஸ்ஸாக்! வேலை தேடி அலையும் ஒவ்வொருவருக்கும் ஹலாலான, கண்ணியமான, பரக்கத்தான வாழ்வாதாரத்தைத் தருவாயாக! எத்தனை முறை மறுக்கப்பட்டாலும் உன் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்காத உள்ளத்தைத் தருவாயாக! எங்கள் நாவால் உடைந்த உள்ளங்களுக்காக எங்களை மன்னிப்பாயாக! மூஸா நபிக்கு மத்யனில் ஒரு வாசலைத் திறந்தது போல எங்கள் இளைஞர்களுக்கும் வாசல்களைத் திறப்பாயாக! அவர்களின் கோடரிக்குக் கைப்பிடியாக இருக்கும் பாக்கியத்தை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் பெற்றோருக்கும் எல்லா முஸ்லிம்களுக்கும் பாவமன்னிப்பு அருள்வாயாக!

ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.